கன்னத்தில் இரண்டு குழி

பங்காருவின் இரண்டு கன்னத்திலும் ஒவ்வொரு குழி உண்டு. சிரித்தால் அழகாக விழும். பிறவியில் வந்ததல்ல, வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து, அலகு குத்தி வந்தது. திருத்தணி மலையடியில் நின்று ஊர்க்காரர்களுக்கு அலகு குத்திவிடுவதும் அவர்தான். அவர் குத்தினால் வலிக்காது என்று பேர். இரண்டு ஏக்கர் வேர்க்கடலை போடுகிற மனுஷனுக்கு அந்தப் பேரில்தான் அத்தனை பெருமை. ஒருவர் கன்னத்திலிருந்து உருவிய வேலையே விபூதியில் தேய்த்து, எலுமிச்சம்பழத்தில் செருகி எடுத்து, அடுத்தவர் கன்னத்தில் ஏற்றுவார். முருகன் வேலுக்கு ஏது அழுக்கு?

கண்புரை ஆபரேஷனுக்குப் போன இடத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஹெபடைடிஸ் சி என்றார்கள். கல்லீரலை மெல்ல மெல்லக் கெடுக்கிற கிருமி. ரத்தத்தின் வழியாகப் பரவுவது. நர்ஸ் மோகனப்ரியா ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டாள். ரத்தம் ஏற்றியதுண்டா, பச்சை குத்தியதுண்டா, அடுத்தவருக்குப் போட்ட ஊசியைப் போட்டுக்கொண்டதுண்டா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். பொய் சொல்கிற ஆள் இல்லை பங்காரு.

"அப்ப கன்னத்துல இன்னா பெரியப்பா குழி?"

"அது ஊசி இல்லம்மா. அலகு."

அவள் பேனாவை மூடிவிட்டு அவரையே பார்த்தாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மனைவி ஞானம்மாளுக்கும் பரிசோதித்தார்கள். அவளுக்கும் இருந்தது. அவள் நாக்கில் சின்ன வெள்ளி வேல் குத்துவதும் இவர் கைதானே. எந்த வகைக் கிருமி என்று பார்க்க இரண்டு பேர் ரத்தமும் சென்னைக்குப் போயிற்று.

முடிவு வர மூன்று வாரம். பங்காரு தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துக்கொண்டார். சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது என்று நர்ஸ் சொன்னதை ஞானம்மாள் எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். கேட்கவில்லை. கடைசியில் அந்தத் தட்டைப் பரண்மேல் போட்டுவிட்டுத் தன் தட்டிலேயே அவருக்கும் சோறு பிசைந்தாள். "உனக்கு நான்தான்..." என்று ஆரம்பிப்பார். முடிக்கமாட்டார்.

முடிவு வந்த அன்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். இந்தக் கிருமியில் பல வகை, எண் வைத்துச் சொல்வார்கள். இவருக்கு மூன்றாம் வகை, அவளுக்கு ஒன்றாம் வகை. ஒன்று இன்னொன்றாக மாறாது. ஆகவே அவளுக்கு இவரிடமிருந்து வரவில்லை. முப்பது வருஷத்துக்கு முன் மகள் கனிமொழி பிறந்தபோது மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்களே, அதில் வந்திருக்கலாம். அப்போதெல்லாம் ரத்தத்தில் இதைப் பரிசோதிக்கிற வழக்கம் இல்லை. மாத்திரை இருவருக்கும் ஒன்றேதான், மூன்று மாதம் சாப்பிட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும்.

வராந்தாவுக்கு வந்ததும் பங்காரு சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். ஞானம்மாள் முந்தானையை நீட்டினாள்.

"இத்தினி வருஷம் குடும்பம் பண்ணியும், வியாதில கூட நமக்கு ஒத்துப்போவல பாருங்க."

சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. இவளுக்குக் கொடுக்கவில்லை, சரி. தன் கையால் குத்திக்கொண்ட மற்றவர்களுக்கு? சாமி காரியத்தில் வியாதி என்று எந்த வாயால் சொல்வது, ஊரில் எப்படித் தலைகாட்டுவது என்று புலம்பினார். ஞானம்மாள் ஊருக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு, அம்மையார்குப்பம் பஸ்ஸில் ஏறிப் பக்கத்தில் அவருக்கு இடம் போட்டாள்.

அங்கே இருப்பவர் வீரபத்திரன், நெசவாளி. இளவயதில் இருவரும் சேர்ந்துதான் முதல் காவடி எடுத்தார்கள். பிறகு வருஷா வருஷம் அவருக்கு அலகு குத்தியது பங்காரு.

சினேகிதனைக் கண்டதும் வீரபத்திரன் தறியை நிறுத்திவிட்டு, வாய் நிறையச் சிரித்தபடி எழுந்து வந்தார். இரண்டு கன்னத்திலும் குழி விழுந்தது.

"உக்காரு வீரா, உனக்கு நான்தான்..." என்று ஆரம்பித்தார் பங்காரு. இந்தத் தடவை சொல்லி முடித்தார்.