மூன்று நிமிடம் நின்ற கார்

சனிக்கிழமை காலை 9.10க்கு மலேசியாவின் நீலாய் நகரிலிருந்து புறப்பட்டோம். காரை ஓட்டியவள் என் தோழி மலர். பின்னிருக்கையில் அவள் மகள் கவிஷா, பத்து வயது. நாங்கள் போக வேண்டிய, ரெம்பா ஊருக்கு அப்பால் உள்ள செம்பனை எண்ணெய்த் தோட்டம் 47 கிலோமீட்டர்.

அங்கே இருக்கும் தர்ஷினிக்கும் பத்து வயதுதான். இருவரும் ஒரு வருடமாகக் கைப்பேசி விளையாட்டில் சேர்ந்து வீடு கட்டுகிறார்கள், நேரில் பார்த்ததில்லை. தர்ஷினியின் அப்பாவுக்கு நீலாய் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் அவள் கவிஷாவின் வகுப்பில் சேர்கிறாள். அதற்குள் இருவரும் பழகிவிட வேண்டும் என்று தர்ஷினியின் அம்மா லெட்சுமி எங்களை அழைத்திருந்தாள்.

"தோட்டத்துல அடிக்கடி ஃபோன் லைன் போயிரும் ஆன்டி," என்றாள் கவிஷா. "கேம்ல அவ பொம்மை அப்படியே நின்னுரும். லைன் வர்ற வரைக்கும் நானும் நகர மாட்டேன்."

10.05. செம்மண் பாதை முடிவில் பதினான்கு வீடுகள். ஆறில்தான் ஆள் இருந்தது. லெட்சுமி உருளைக்கிழங்கு அடைத்த கறிபப் சுடச்சுட வைத்தாள். பிள்ளைகள் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். பேசவில்லை. ஒருத்தி தன் கால் விரலைப் பார்த்தாள், மற்றவள் சுவரை.

"ஃபோன்ல வாய் கிழியுது, நேர்ல ரெண்டு பேருக்கும் பேட்டரி செத்துப் போச்சா லா?" என்று சிரித்தாள் லெட்சுமி. யாரும் சிரிக்கவில்லை. அவளும் நிறுத்திக்கொண்டாள்.

11.30க்கும் அப்படியே. "பேச்சு இல்லை" என்று, எங்கு போனாலும் நேரம் குறித்து வைக்கும் என் குறிப்பேட்டில் எழுதினேன்.

12.30க்குக் கிளம்பினோம். லெட்சுமி மலரின் கையைப் பிடித்தாள். "அந்த ஸ்கூல்லயும் இவ இப்படித்தான் தனியா நிக்கப் போறா அக்கா. எனக்குப் பயமா இருக்கு."

கார் நகர்ந்தது. தர்ஷினி வாசற்படியில் நின்றாள், கை அசைக்கவில்லை.

"அம்மா, வெயிட்," என்றாள் கவிஷா.

"எதையாச்சும் விட்டுட்டியா?"

"இல்ல. அவ நின்னுட்டா."

மலர் காரை நிறுத்தினாள். மணி 12.34. கவிஷா கண்ணாடியை இறக்கிவிட்டு வாசற்படியையே பார்த்திருந்தாள். மலர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் தோளைத் தொட்டேன். 12.37க்குத் தர்ஷினி படியிறங்கி ஜன்னலருகே வந்தாள்.

"ஸ்கூல்ல எனக்கு யாரையும் தெரியாது."

"என் பக்கத்துல உட்காரு. அங்க இருக்கிற பொண்ணை நான் மாறச் சொல்றேன்."

"அவ மாறலைன்னா?"

கவிஷா யோசித்தாள். "நான் உன் பக்கத்துக்கு மாறிக்கிறேன்."

தர்ஷினி தலையாட்டிவிட்டு உள்ளே ஓடினாள்.

திரையில் பழகிய அந்தப் பொறுமை பள்ளி இரைச்சலில் தாங்குமா என்று எனக்குத் தெரியவில்லை. அங்கே இடைவேளையே இருபது நிமிடம்தான். நின்றுவிட்ட பிள்ளைக்காகக் கேன்டீன் வரிசை காத்திருக்காது. கோலாலம்பூர் வீட்டில் எனக்கும் ஒரு மகன் இருக்கிறான். "ஸ்கூல் எப்படி?" என்று தினமும் கேட்கிறேன். அவன் வாய் திறப்பதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறேன். மூன்று நிமிடம் நான் அவனுக்காக நின்றதில்லை.