பத்துப் பேரோடு வந்த அணி

கொழும்பில் ஒரு கழகத்துக்குச் சம்பளத்துக்கு உதைபந்தாட்டம் ஆடிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் நின்று மறிப்பது என் வேலை. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் நான் இருந்த அறை எரிந்துபோக, அகதிகளை ஏற்றிய கப்பலில் சொந்த ஊரான குருநகருக்குத் திரும்பினேன். பிறகு எங்கள் தேவாலயப் பங்கு அணிக்குச் சும்மா விளையாடினேன்.

பக்கத்துப் பங்கின் முன்வரிசையில் ஒருவன் இருந்தான், கடற்றொழிலாளி. அவனை மறிக்க என்னால் மட்டும்தான் முடியும் என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில் பாதி நாள் என்னாலும் முடியாது.

ஒரு வருடம், எங்கள் இரண்டு அணிக்கும் இடையிலான இறுதி ஆட்டத்துக்கு ஒரு கிழமை முன்பு அவன் கடலுக்குப் போனான். நேவி சுட்டதில் வள்ளம் மட்டும் கரை ஒதுங்கியது. உடல் கிடைக்கவில்லை.

ஆட்டம் நடக்காது என்றே நினைத்தோம். ஆனால் அந்த அணியின் தலைவனான அவனுடைய தம்பி எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்தான். பத்துப் பேர்தான். அண்ணனுக்குப் பதிலாக வேறு ஆளை இறக்கவில்லை.

நான் தம்பியிடம் போய், "நானும் வெளியிலை நிக்கிறன். பத்துக்குப் பத்தா விளையாடுவம்" என்றேன்.

"வேண்டாம் அண்ணை, நீங்கள் உங்கடை இடத்திலை நில்லுங்கோ. அம்மா இன்னும் அவருக்குச் சோறு போட்டு மூடி வைக்கிறா. வீட்டிலை இருக்கேலாமல்தான் நான் இஞ்சை வந்தனான்."

நின்றேன். நான் மறிக்கவேண்டிய பக்கம் ஆளில்லாமல் வெறுமையாகக் கிடந்தது. நாங்கள் வென்றோம். ஒருவரும் கைதட்டவில்லை. இரண்டு அணியும் நேரே கடற்கரைக்குப் போய், இருட்டும்வரை கரை நீளத் தேடினோம். ஒன்றும் கிடைக்கவில்லை.

அடுத்த வருடம் அணிக்குக் கூப்பிட்டபோது முழங்கால் நோகிறது என்று சொன்னேன். பிறகு நான் விளையாடவேயில்லை.