நான் விற்றதைச் சொல்லவில்லை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். டுசல்டோர்ஃபில் மூன்று உணவகங்களில் கோப்பை கழுவி, ஒருவரிடமும் கைமாற்று வாங்காமல், பலசரக்குக் கடை போட்டேன். எங்கள் தெருவில் முதன்முதலாக முருங்கைக்காய் விற்றவன் நான்தான். இதை எத்தனை தரம் சொல்லியிருப்பேன் என்று என் மனைவியைக் கேளுங்கள். இனி எழுதப்போவதை அவளுக்கும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஜெர்மன் சனம் பங்கு வாங்க வரிசையில் நின்றது. பக்கத்துக் கடையில் ரொட்டி சுட்டு விற்கும் வெதுப்பகக்காரனும் வாங்கினான். தகப்பன் காலத்திலிருந்து வியாபாரம் செய்கிறவன், விஷயம் தெரியாமல் வாங்குவானா என்று அதே கம்பனிப் பங்கை நானும் வாங்கினேன். அந்தக் கம்பனி என்ன செய்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. கடையில் அரிசி மூட்டைகளுக்கு மேலே இருந்த தொலைக்காட்சியில் பங்கு விலைகள் எழுத்தில் வரும் பக்கத்தைப் போட்டு விடுவேன். ஏறினால் பச்சை எழுத்து, இறங்கினால் சிவப்பு.

மாதக்கணக்காகப் பச்சைதான். கத்தரிக்காய் வாங்க வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தபடி நிற்பார்கள்.

"அண்ணைக்கு டொச் பாஷை வாசிக்க ஏலாது. பச்சையை மட்டும் வடிவா வாசிப்பார்" என்று ஒருவர் சொல்ல மற்றவர்கள் சிரிப்பார்கள்.

பகிடி பண்ணியவர்களே அடுத்த கிழமை வங்கிக்குப் போய் அதே பங்கை வாங்கினார்கள். "பயந்தவன் கோப்பை கழுவுவான், துணிஞ்சவன் கடை போடுவான்" என்று நான் மார் தட்டினேன். அந்தச் சொல் உண்மையாகவே கோப்பை கழுவிக்கொண்டிருந்த ஒருவனைப் போய்த் தைத்தது.

அவன் மன்னார் ஆள். முன்பு என்னோடு ஒரே உணவகத்தில் வேலைக்கு நின்றவன், நாற்பதைத் தாண்டிவிட்டான். அவன் வேலை செய்த சாப்பாட்டுக் கடையின் முதலாளி வயதாகி ஓய்வெடுக்கப் போகிறான். ஒக்டோபர் முடிவதற்குள் முன்பணம் கட்டினால் கடை அவனுக்கு. அதற்குச் சேர்த்ததையெல்லாம் அவன் என்னைப் பார்த்துப் பங்கில் போட்டான்.

இலை உதிரத் தொடங்கியபோது பக்கம் சிவந்தது. ஒரு நாள் காலை வெதுப்பகக்காரன், தான் எல்லாவற்றையும் விற்றுவிட்டதாகச் சொன்னான். ஏன் என்று கேட்டேன்.

"உன் தொலைக்காட்சிக்கு முன்னால் இப்போது ஒருவரும் நிற்பதில்லையே. உங்கள் ஆட்களுக்கு ஏதோ தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்."

நான் அவனைப் பார்த்து வாங்கியவன், அவன் என்னைப் பார்த்து விற்றிருக்கிறான். இருவருக்கும் ஒன்றும் தெரியாது. அது எனக்கு நன்றாகவே விளங்கியது. விளங்கியும் கால் நேரே வங்கிக்குப் போனது. எல்லாவற்றையும் விற்றேன்.

அன்று பின்னேரம் மன்னார்க்காரன் வந்தான். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள்.

"அண்ணை, இண்டைக்கு வித்தா முன்பணத்துக்கு மட்டுமட்டாக் காணும். என்ன செய்யட்டும்?"

"அண்ணையே விக்கேல்லை, நீ ஏன் துடிக்கிறாய்?" என்றார் பருப்புப் பையோடு நின்றவர்.

"நீங்கள் வித்திட்டியளோ அண்ணை?" என்று மன்னார்க்காரன் என்னையே கேட்டான்.

விற்றதற்கு வங்கி தந்த கடதாசி என் சட்டைப்பையில் இருந்தது. எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"நானோ? உந்தச் சிவப்புக்குப் பயந்து ஓடுற ஆளே நான்? பேசாமல் வச்சிரு."

"அப்ப சரி அண்ணை."

விலை இன்னும் விழுந்தது. அவனுடைய பங்கு முன்பணத்துக்குப் போதவில்லை. நான் விற்ற காசு வங்கியில் சும்மா கிடந்தது. அதில் கொஞ்சம் கொடுத்திருந்தால் அவன் கட்டியிருப்பான். கொடுத்தால் எங்கால் காசு, வித்திட்டியளோ என்று கேட்பானே. கொடுக்கவில்லை. கடையை வேறொருவன் எடுத்தான். மன்னார்க்காரன் புது முதலாளிக்குக் கீழே கோப்பை கழுவும் அதே தொட்டியடியில் நின்றான்.

அடுத்த வருடம் விலை பழைய உச்சத்தைத் தாண்டியது. பச்சையைக் கண்டதும் நானும் கள்ளமாகத் திரும்ப வாங்கினேன், விற்றதைவிடக் கூடிய விலைக்கு. ஒரு சனிக்கிழமை, சனம் நிறைந்திருந்த நேரம் அவன் வந்தான்.

"அண்ணை சொன்னபடியா நான் தப்பினன். பயந்து வித்திருந்தா இந்த லாபம் முழுக்கப் போயிருக்கும்."

"அண்ணை லேசுப்பட்ட ஆளே?" என்றது ஒரு குரல். நான் தலையாட்டினேன். கைநழுவிய அந்தச் சாப்பாட்டுக் கடையைப் பற்றி அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்களால், வாங்கிய சாமானுக்குக் காசை எடுத்து நீட்டினான். நான் வாங்கவில்லை.

"ஏன் அண்ணை?"

"கொண்டு போ."

ஒரு கட்டு முருங்கைக்காயும் ஒரு பை அரிசியும். அவனுக்கு நான் திருப்பிக் கொடுத்தது அவ்வளவுதான். அதையும் அவன் ஊரெல்லாம் சொல்லி என்னைப் புகழ்ந்தான்.