சந்தனம் இல்லாத மொட்டை

எங்கள் பள்ளிக்கூட டைரியின் கடைசிப் பக்கங்களில் விதிமுறைகளை அச்சடித்திருப்பார்கள். பிள்ளைகளுக்கு ஒரு பக்கம், பெற்றோருக்கு இரண்டு பக்கம். பெரியவர்களுக்குத்தான் அதிகம் என்பதில் எனக்கு அப்படியொரு சந்தோஷம். ராஜபாளையத்திலேயே அதை ஒரு வரி விடாமல் படித்த ஒரே ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். மூன்றாம் வகுப்பில் நகம் வளர்த்தவள், ஷூவுக்குப் பாலிஷ் போடாதவன் யாரும் என் கண்ணிலிருந்து தப்ப முடியாது. வகுப்பில் எனக்குச் சிநேகிதிகள் குறைவு என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது கேட் விதி. சாயங்காலம் பிள்ளையை அழைத்துப்போக வருகிறவரின் முகமும், பிள்ளையின் கழுத்தில் தொங்கும் கார்டில் உள்ள படமும் ஒன்றாக இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால், "இவர் உனக்கு யார்?" என்று பிள்ளையிடம் கேட்க வேண்டும். பிள்ளை தெரியாது என்று சொல்லிவிட்டால் யாராக இருந்தாலும் அனுப்பக்கூடாது. கலெக்டரே வந்தாலும் அனுப்பக்கூடாது என்று நானாக ஒன்றைச் சேர்த்து வைத்திருந்தேன்.

என் கார்டில் அப்பா படம்தான் இருந்தது. அம்மாவுக்குப் பேண்டேஜ் துணி ஃபேக்டரியில் வேலை; இருட்டிய பிறகுதான் வருவாள். அப்பா பைக் ஒர்க்‌ஷாப்பிலிருந்து கிரீஸ் கையோடு வந்து நிற்பார். படத்தில் அவர் மீசை முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும்.

புரட்டாசி வந்தால் கேட் விதிக்குச் சோதனைக்காலம். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலை மலைக்கோயில் பெருமாளுக்கு முடி கொடுத்துவிட்டு, பிள்ளைகளின் அப்பாமார் பாதிப்பேர் மொட்டைத் தலையோடு வந்து நிற்பார்கள். வாட்ச்மேன் அண்ணாச்சிக்குக் கொண்டாட்டம். "போட்டோவுல முடி இருக்கு, இங்க சந்தனம்ல இருக்கு!" என்று ஒவ்வொருவரையும் நிறுத்திவைத்து, பிள்ளையைக் கேட்டு, எல்லாரையும் சிரிக்கவிட்டுத்தான் அனுப்புவார்.

அது புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை. பிள்ளைகள் எல்லாரும் போய்விட்டார்கள். அப்பா வரவில்லை. வேப்பமரத்தடியில் பையை மடியில் வைத்துக்கொண்டு, தாமதமாக வரும் பெற்றோருக்கான விதி எத்தனாவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது கேட்டுக்கு வெளியே ஒரு மொட்டை வந்து நின்றது. மீசையும் இல்லை. சட்டைக்குக் கீழே ஈர வேட்டி.

அண்ணாச்சி வழக்கம்போலச் சிரித்துக்கொண்டேதான் எழுந்து போனார். கிட்டே போனதும் சிரிப்பை விட்டுவிட்டார். கார்டைக் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. சத்தம் வராமல் கேட்டைத் திறந்துவிட்டார். அந்தத் தலையில் சந்தனம் இல்லை என்பதை நானும் கவனித்தேன். ஆனால் சந்தனம் பூசியவர்களை எல்லாம் நிறுத்திக் கேள்வி கேட்டவர், பூசாத ஒருத்தரை மட்டும் கேள்வியில்லாமல் விடுவது என்ன நியாயம்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோபமாகவும் வந்தது.

"அண்ணாச்சி, என்கிட்ட கேக்கவே இல்லையே! இவரு யாருன்னு கேக்கணும்ல?"

"செத்த சும்மா இரு பாப்பா," என்றார் அண்ணாச்சி.

"கேளுங்க அண்ணாச்சி. ரூலுன்னா ரூலுதான்," என்றது மொட்டை. அப்பாவின் குரல்.

அண்ணாச்சி வேண்டா வெறுப்பாக, "இவரு உனக்கு யாரு?" என்றார். நான் கார்டைப் பார்த்தேன், அந்த ஆளைப் பார்த்தேன். மீசை இருந்த இடம் வெளுத்து, உதடு சின்னதாக, யாரோ ஒரு பையன் முகம் போலிருந்தது. கண் சிவந்திருந்தது. "குரல் எங்கப்பா மாதிரிதான் இருக்கு. மூஞ்சிதான் தெரியல," என்றேன். அப்பா சிரிக்கத் தொடங்கினார். அந்தச் சிரிப்பு எப்படியோ கோணிப்போய், சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இதில் என்ன இருக்கிறது என்று எனக்குக் குழப்பம்.

அதற்குள் தலைமையாசிரியை, எங்கள் பெரிய மிஸ், வந்துவிட்டார். அவரும் அந்தத் தலையைத்தான் முதலில் பார்த்தார்.

"யாருக்கு?"

"எங்கப்பாவுக்கு மிஸ். சுந்தரபாண்டியத்துல. விடியக்காலம்." அப்பா கேட்டைத் தாண்டி உள்ளே வராமலே பேசினார். "கொள்ளி வைக்க மகன் வேணும்ல, அதான் சொல்லி விட்டாக."

"அய்யோ. ஒரு போன் போட்டிருந்தா நாங்க பாப்பாவ பாத்துக்கிட்டிருப்போமே. அங்கேயே இருந்திருக்கலாம்ல?"

"இருன்னு யாரும் சொல்லல மிஸ். அதுவும் போக, கார்டுல என் படந்தான இருக்கு."

எனக்கு ஒரேயடியாகக் குழம்பிவிட்டது. முன்னொரு தடவை, உங்கப்பா எங்கே என்று நான் கேட்டபோது, "எனக்கு அப்பா இல்ல தாயி" என்று சொன்னவர் இவர்தான். சிலருக்குச் சைக்கிள் இல்லாத மாதிரி, சிலருக்கு அப்பா இருக்கமாட்டார் போல என்று நானும் விட்டுவிட்டேன். வேதக்கார வீட்டு, அதாவது கிறிஸ்தவப் பெண்ணான அம்மாவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து சுந்தரபாண்டியத்து வாசலை அவர் மிதிக்கவில்லை, மிதிக்க விடவில்லை என்பதெல்லாம் எனக்கு யாரும் சொல்லாத கதைகள்.

பெரிய மிஸ் என் தோளில் கை வைத்தார். "பாப்பா, நாளைலருந்து மூணு நாள் நீ வர வேண்டாம். தாத்தா இறந்தா லீவு உண்டுன்னு டைரியில இருக்குல்ல? அட்டெண்டன்ஸ்ல கழிக்க மாட்டோம்."

எனக்குப் பகீர் என்றது. அந்த விதி எனக்குத் தெரியும். அதற்கு அடுத்த விதியும் தெரியும். பொய்க் காரணம் சொல்லி விடுப்பு எடுக்கிறவர்களுக்கு முழு வருகைப் பரிசு கிடையாது. ஜூன் மாதத்திலிருந்து சளியோடும் இருமலோடும் வந்துகொண்டிருந்தது அந்தப் பரிசுக்காகத்தான். இத்தனை பேர் சேர்ந்து அதைக் கெடுக்கப் பார்க்கிறார்களே என்று அழுகை முட்டியது.

"எங்க தாத்தா சாகல மிஸ்! ஸ்ரீவில்லிபுத்தூர்ல நல்லா இருக்காரு. நேத்துகூட வேதக்கோயில் முடிஞ்சு பால்கோவா வாங்கிட்டு வந்தாரு. எனக்கு ஒரு தாத்தாதான் மிஸ்!"

பெரிய மிஸ் அப்பாவைப் பார்த்தார். அண்ணாச்சி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். எனக்காக இவர்தான் பேச வேண்டும் என்று நானும் அந்த மொட்டை முகத்தையே பார்த்தேன். அப்பா மொட்டைத் தலையை ஒருதரம் தடவிக்கொண்டார்.

"ஆமா மிஸ்," என்றார். "அவ சொல்றது சரிதான். அவளுக்கு யாரும் சாகல. நாளைக்கு வருவா."

அப்பாடா என்று இருந்தது. பைக்கில் ஏறியதும் அவர் முதுகில் சாய்ந்துகொண்டேன். முகம் யாருடையதாக இருந்தாலும், முதுகு அப்பாதான்.

வீட்டில் அம்மா ஃபேக்டரியிலிருந்து முன்கூட்டியே வந்து, வாசலில் குடத்துத் தண்ணீரோடு நின்றாள். ஸ்கூலில் என்னைப் பொய் லீவு எடுக்கச் சொன்னார்கள், நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், அப்பாவும் என் பக்கம்தான் பேசினார் என்று பெருமையாகச் சொன்னேன். அம்மா அழ ஆரம்பித்தாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன்.

ஆண்டு விழாவில் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத மாணவி என்று பெரிய மிஸ் என் பெயரை வாசித்தார். மேடையிலிருந்து பார்த்தேன். இரண்டாவது வரிசையில் அப்பா. மீசை பழையபடி முகத்தை அடைத்திருந்தது. இப்போது கார்டும் முகமும் அச்சாகப் பொருந்தும். சுற்றிலும் எல்லாரும் கைதட்ட, அவர் மட்டும் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். முடி வளர்ந்த இடம் அரிக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.