ஒம்பதாங்குழிப் பூசணிப்பூ

உத்தமபாளையத்தில் எவனிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "ராக்கையாவா? பொண்டாட்டி வச்ச பூசணிப்பூவால கோப்பை ஜெயிச்ச ஆளுல்ல!" என்பான். சந்தையில் சொல்வான், சலூனில் சொல்வான், எழவு வீட்டில்கூடச் சொன்னான் ஒருத்தன். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இத்தனை வருஷமும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். போன ஆடியில் எங்க அக்கா பொன்னாத்தாளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனிச் சொன்னால் யாருக்கும் மனசு நோகாது.

ராக்கையா எங்க அக்கா புருஷன், எனக்கு மச்சான். நெட்டை ஆள். சிரிக்க ஆரம்பித்தால் நின்று சிரிக்க முடியாது, உட்கார்ந்துவிடுவார். மலைத்தோட்டத்துத் தொரைமார் ஆடுகிற கோல்ப் ஆட்டத்தில் மட்டைப் பை சுமந்தவர். வளைந்த மட்டையால் பந்தை எங்கிருந்தோ அடித்துக் குழியில் விழவைக்கிற ஆட்டம் அது; குறைச்ச அடியில் விழவைக்கிறவன் ஜெயித்தவன். சுமந்து சுமந்து, தொரைமார் இல்லாதபோது அடித்து அடித்து, அவர்களுக்கே சொல்லிக்கொடுக்கிற கை ஆகிவிட்டது. கூலி வாங்கி ஆடுகிற அப்படிப்பட்டவனுக்குத் தொரைமார் வைத்த பேர் புரொபசனல்.

ஜெர்மன் சண்டைக்கு முந்தின வருஷம். மழை நின்றதும் பீருமேடு, வண்டிப்பெரியாறு, போடி மேல்மலை என்று கிளப் கிளப்பாகப் போட்டி. திருவிழாவுக்குத் திருவிழா போகிற ராட்டினக்காரர் மாதிரி புரொபசனல்மார் போவார்கள். மச்சானுக்கு நான் பை தூக்கினேன். என்ன நாளய்யா அது! மூடுபனிக்குள் அடித்த பந்தை அட்டை கடிக்கக் கடிக்கத் தேயிலைக்குள் தேடுவோம். போடி மலையில் ஒரு குரங்கு பந்தைக் கொய்யாக்காய் என்று தூக்கிப் போனது. கடித்துப் பார்த்துவிட்டு மச்சான் தலைமேலேயே எறிந்தது. மச்சான் அங்கனயே உட்கார்ந்துவிட்டார்.

பீருமேட்டில் மச்சான் ஜெயித்தார். வண்டிப்பெரியாற்றில் ஏசுதாசன் ஜெயித்தான். அவன் மலைக்காரன், பூட்ஸ் போட்டு ஆடுகிறவன். கடைசிப் போட்டி எங்க ஊர் அடிவாரத்துக் கிளப் பொட்டலில், இவர்கள் இருவருக்கும் நேருக்கு நேர். ஜெயிக்கிறவனை அந்தக் கிளப் தன் சொந்த ஆட்டக்காரனாக வைத்துக்கொள்ளும். தோற்றவன் மறுபடி பை சுமக்க வேண்டியதுதான்.

மலையில் குழியைச் சுற்றிப் புல் இருக்கும். பொட்டலில் புல் ஏது? ஒன்பது குழியைச் சுற்றியும் வட்டமாக மண்ணைக் கெட்டித்துச் சாணி மெழுகி வைப்பார்கள். மெழுகுகிற பெண்களுக்கு எங்க அக்காதான் தலைவி. முந்தின நாள் கிளப் கணக்கப்பிள்ளை அவளிடம், "தொரைமாரு நெறையா வாராக ஆத்தா. வீட்டு வாசல் கணக்கா இருக்கணும்" என்று சொல்லிப் போனார்.

மார்கழி மாசம். வீட்டு வாசல் என்றால் என்ன செய்வாள்?

காலையில் போய்ப் பார்த்தால் ஒன்பது வட்டத்திலும் கோலம்! நடுக்குழியில் சாணி உருண்டை, உருண்டை மேல் பூசணிப்பூ. எறும்பு சாரிசாரியாக மாவு தூக்குகிறது. சிட்டுக்குருவி ஒரு படை. செக்கரட்டரி தொரை முகம் பழுத்த மிளகாய்.

"யாரு செஞ்சது?"

"நாந்தான் தொரை" என்றாள் அக்கா. "மார்கழியில வாசலை மொட்டையாவா விடுவாக?"

தொரைசானிக்கு ஒரே சந்தோஷம். கோலத்தை அழிக்கக் கூடாது, பூவை மட்டும் எடுங்கள், ஒன்பதாம் குழியில் மட்டும் இருக்கட்டும், ஜெயித்தவனை வைத்துப் படம் பிடிக்கணும் என்றுவிட்டாள். அதற்கு அப்பீல் கிடையாது.

ஆட்டம் தொடங்கியது. ஏசுதாசன் பூட்ஸோடு கோலத்தில் நடக்கிறான். மச்சான் கோட்டில் கால் படாமல் கொக்கு மாதிரி தாவுகிறார்.

"ஏன் ராக்கையா, பொண்டாட்டிக்கு அம்புட்டுப் பயமா?"

"நீ மிதிப்பா. சாயந்தரம் ஒனக்கா அவ சோறு போடப் போறா?"

எட்டுக் குழி முடிந்தது. இருவரும் சமம். ஒன்பதாவதில் பெண்கள் ஓடைக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கிறார்கள். ஏசுதாசன் தள்ளிய பந்து நூல் பிடித்தது போல் நேராக வந்து, பூவில் முட்டி நின்றது. விழவில்லை. மச்சான் பந்தோ குழிக்கு ஒரு சாண் தள்ளிக் கிடக்கிறது. தட்டினால் கோப்பை. அக்கா குலவை போட்டாள். "எம் பூவு! எம் பூவு!" என்று கத்திக்கொண்டே கூட்டத்தோடு ஊருக்குள் ஓடிவிட்டாள்.

ஊர் கேட்டது அவ்வளவுதான். மிச்சத்தை ஓடைக்கு இங்கன இருந்த தொரைமாரும் நாங்கள் மூணு பேரும்தான் பார்த்தோம்.

மச்சான் மட்டையைக் கீழே வைத்தார். "பூ இல்லேன்னா இது விழுந்திருக்கும் தொரை. விழுந்ததாவே வச்சுக்கங்க" என்றார்.

"மச்சான், கிறுக்கா ஒமக்கு?" என்று நான் கத்தினேன்.

"என்டெ கர்த்தாவே!" என்று ஏசுதாசன் தலையில் கைவைத்தான்.

மச்சான் பூவை உருண்டையோடு எடுத்துவிட்டுத் தன் பந்தைத் தட்டி உள்ளே போட்டார். மறுபடி சமம். முதல் குழியைத் திரும்ப ஆடச் சொன்னார்கள். ஏசுதாசன் தள்ளிய பந்து குழியைத் தாண்டி ஓடி, அவனுக்கு ஒரு அடி கூடுதலாகிவிட்டது. மச்சான் கோலத்துக்கு வெளியே நின்று, உள்ளே கால் வைக்காமல், ஒரே தள்ளு. பந்து கோலத்தின் மேல் உருண்டு உருண்டு, மாவில் புரட்டிய கொழுக்கட்டையாக வெளுத்து, குழியில் விழுந்தது. ஏசுதாசன்தான் முதலில் மச்சானைத் தூக்கிச் சுற்றினான். தொரைமார் தொப்பியெல்லாம் மேலே பறந்தது. மச்சான் கோலத்தை விட்டு நாலு எட்டு தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டு சிரித்தார்.

வீட்டுக்குப் போனால் தெருவே அக்காவைச் சுற்றி நிற்கிறது. "எம் பூவு ஜெயிச்சுச்சா இல்லையா, சொல்லு!" என்றாள். நான் வாயைத் திறந்தேன். மச்சான் என் காலை மிதித்தார்.

"ஒம் பூவேதான் தாயி" என்றார்.

சண்டை முடிந்த வருஷம் கார்த்திகையில் மச்சானுக்கு நெஞ்சில் சளி கட்டி எழவே முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "ஊர்க்காரன் பேச்சு தாங்கல மச்சான். இப்பயாச்சும் நெசத்தைச் சொல்லிரவா?"

அந்த இருமலிலும் சிரித்தார். "ஒங்கக்கா இருக்கவரைக்கும் மூச்சு விட்ராத மாப்ளே. மார்கழி வரப்போகுது. அவ எனக்குப் பண்டுவம் பாக்குறதுலயே கொல்லையில பூசணிக்கொடி வாடிக் கெடக்காம். போறப்ப ஒரு குடம் தண்ணி ஊத்திட்டுப் போ."