கழுகுக்கண் பார்த்த வித்தியாசம்

டிவி கடையில் அவருக்குப் பேர் கழுகுக்கண். வைத்தது முதலாளி; இருபத்திரண்டு வருஷமாக அதைக் காப்பாற்றி வந்தது அவருடைய வாய். கடையின் பின்சுவரில் ஒரே அளவில், ஒரே கம்பெனியில் இரண்டு டிவி மாட்டியிருக்கும். ஒன்றில் சாதா டிஸ்க், மற்றதில் அதைவிடத் துல்லியமான ஃபோர்-கே டிஸ்க். இரண்டிலும் ஓடுவது ஒரே படம்தான்: கடல், ஒரு கிளி, பின்னல் சால்வை போர்த்திய ஒரு பெண். எது என்னவென்று கீழே அட்டை ஒட்டியிருக்கும். வருகிறவர்களை எதிரே நிறுத்தி, "பாத்தாலே தெரியும், நான் சொல்லவே வேணாம்" என்று ஆரம்பித்து அரைமணி நேரம் சொல்வார். ஃபோர்-கே அட்டை ஒட்டிய டிவிக்கு வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்திருப்பதை மட்டும் சொல்லமாட்டார். பிழைப்பு என்றால் அப்படித்தான்.

அன்றைக்கு மத்தியானம் டிஸ்க் பிளேயர்கள் இருந்த அலமாரியை நகர்த்த வந்த மெக்கானிக், டிவிக்குப் பின்னால் தலையை விட்டு ஒயரைத் தடவிக்கொண்டே வந்தார்.

"அண்ணே, இதை யாரு மாட்டுனது?"

"நான்தான். வெள்ளையடிச்சப்ப கழட்டி மாட்டுனேன். ஏன்?"

"மாத்தி மாட்டியிருக்கீங்க. ஃபோர்-கேன்னு எழுதியிருக்கிறதுலதான் சாதா டிஸ்க் ஓடுது."

கழுகுக்கண் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. வெள்ளையடித்து எட்டு மாசம். எட்டு மாசமாக சாதாப் படத்தைக் காட்டி, கிளியின் இறகை எண்ணிக்கொள்ளுங்கள் என்றிருக்கிறார். வந்தவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வாங்கிப் போனார்கள். அவர் பொய் சொன்னார் என்றும் சொல்ல முடியாது. அவர் கண்ணுக்கும் அப்படித்தான் தெரிந்தது.

"விடுங்கண்ணே," என்றார் மெக்கானிக். "வீட்டுல பத்தடி தள்ளி உக்காந்து பாக்குறவங்க இதையெல்லாம் எங்க கண்டுபிடிக்கப் போறாங்க? இதோ மாத்திட்டேன். இந்த எட்டு மாசத்துல ஒருத்தராவது கேட்டாங்களா?"

ஒருத்தி கேட்டிருந்தாள்.

அவருடைய அக்கா தையல்காரி. முப்பது வருஷமாக மெஷினே கதி என்று கிடக்கிறவள். ரெண்டு மாசத்துக்கு முன்னால் டிவி வாங்க வந்தாள். மற்றவர்கள் மாதிரி தள்ளி நின்று பார்க்கவில்லை. துணிக்கடையில் துணி பார்க்கிற மாதிரி மூக்கைத் திரையில் கொண்டுபோய் வைத்தாள். சால்வைக்காரி திரும்பியதும், சாதா என்று எழுதியிருந்த டிவியைத் தொட்டுக் காட்டினாள்.

"இதுலதான்டா நூல் தனித்தனியா தெரியுது. அதுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடக்கு."

பக்கத்தில் நாலு வாடிக்கையாளர்கள். கழுகுக்கண்ணுக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. "சரியாப் போச்சு. அம்மாவுக்கு மாதிரியே உனக்கும் கண்ணு ஆரம்பிச்சிருச்சுக்கா" என்று சொல்லிச் சிரித்தார். அந்த நாலு பேரும் சிரித்தார்கள்.

அம்மாவுக்கு இதே வயதில்தான் பார்வை மங்கியது. கடைசி ஆறு வருஷம் சுவரைத் தடவித் தடவித்தான் குளியலறைக்குப் போனாள். கூடவே இருந்து பார்த்துக்கொண்டது அக்கா. அவளிடம் போய் இதைச் சொல்ல இவருக்கு எப்படித்தான் வாய் வந்ததோ, நாக்கில் சனி.

அன்றைக்கு அக்கா டிவி வாங்காமலே போனாள். அப்புறம் பட்டனுக்குக் காஜா எடுக்கிற வேலையை விட்டாள். புதுத்துணி வந்தால் திருப்பி அனுப்பினாள். டாக்டரிடம் போகலாம் என்று கூப்பிட்டால், "அதை அவங்க வாயால வேற கேக்கணுமா?" என்றாள். நேற்று போனில் மெஷினை விற்றுவிட்டதாகச் சொன்னாள். இன்றைக்கு நாலு மணிக்கு வந்து எடுத்துப்போகிறார்களாம். இவரும் பெரிய மனுஷன் மாதிரி, "சரிக்கா, உழைச்சது போதும்" என்றார்.

மணி மூன்று பத்து. போன் அடித்தால் அக்கா எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். மாடிக்கும் வாசலுக்கும் நடந்தார். ஒரு புருஷன் பெண்டாட்டி வந்து அந்த இரண்டு டிவிக்கும் எதிரே நின்றார்கள்.

"சார், நிஜமாவே வித்தியாசம் தெரியுமா?"

அவர் ஒரு நிமிஷம் இரண்டையும் பார்த்தார். "எனக்குத் தெரியலைங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். பின்னாலிருந்து முதலாளி கூப்பிட்டது கேட்கத்தான் செய்தது.

பஸ் ஆமை மாதிரி ஊர்ந்தது. சிக்னலில் நின்றது நின்றபடியே கிடக்க, இரண்டு நிறுத்தத்துக்கு முன்னாலேயே இறங்கி ஓடினார். ஐம்பது வயசுத் தொப்பையோடு ஓடினால் எப்படி இருக்கும்? தெருவே பார்த்தது. அவருக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. அந்த மெஷின் போய்விட்டால் அக்கா அப்படியே உட்கார்ந்துவிடுவாள் என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது.

வாசலில் வேன் நின்றது. மெஷினைப் பழைய போர்வையில் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். அக்கா ஓரமாக நின்று நூல் சுற்றிய பாபின் டப்பாவை வேன்காரரிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"குடுக்காதக்கா," என்றார் மூச்சு வாங்க. "அன்னைக்கு நீ சொன்னதுதான் சரி. ஒயரை நான் மாத்தி மாட்டியிருக்கேன். நூல் தெரியுதுன்னு நீ காட்டுனியே, அதுதான் ஃபோர்-கே. எட்டு மாசமா யாருக்கும் தெரியல. எனக்கே தெரியல. உனக்கு மட்டும்தான் தெரிஞ்சுது. உன் கண்ணுக்கு ஒண்ணும் இல்லக்கா."

வேன்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏத்தவா, வேணாமா?" என்றார். அக்கா டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். வேன்காரர் முணுமுணுத்துக்கொண்டே கயிற்றை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டு பேருமாக மெஷினை ஜன்னலோரம் தூக்கி வைத்தார்கள். மன்னிப்பு கேட்க வேண்டும் என்று வாய்வரை வந்தது. அதற்குள் அக்கா பேசினாள்.

"ரெண்டு மாசமா காலையில முழிச்சதும் எதிர்ச் சுவத்துக் காலண்டர்ல தேதி தெரியுதான்னு பாத்துட்டுத்தான்டா கட்டிலை விட்டு எறங்குறேன்."

"தெரியலையாக்கா?"

"தினமும் தெரிஞ்சுது."

அவள் ஊசியில் நூலைக் கோத்தாள். ஒரே தடவையில் போனது.

"முப்பது வருஷம் சோறு போட்ட கண்ணு. அதை நம்பாம உன் வாயை நம்புனேன் பாரு."