வாசல் மார்பிளில் இரண்டு வட்டங்கள்

எழுதத் தெரிந்தவர்கள் இத்தனை பேர் இருக்கும்போது மோட்டாருக்குச் செம்புக்கம்பியில் காயில் கட்டுகிறவன் எழுத வந்ததற்கு மன்னிக்க வேண்டும். பத்தாம் வகுப்போடு எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதன்பிறகு நான் எழுதியதெல்லாம் பழுதுக்கு வந்த மோட்டார்களில் கட்டிவிடும் அட்டைகள்தான்: எந்தத் தோட்டத்து மோட்டார், என்ன கோளாறு. இதையும் அப்படியே எழுதிவிடுகிறேன். இடம், கூடலூரில் எங்கள் வீடு. கோளாறு, வாசல்படி மார்பிளில் இரண்டு வட்டங்கள்.

வீடு கட்டும்போது எல்லா இடத்துக்கும் டைல்ஸ் என்றுதான் பேச்சு. என் மனைவி வாசல்படிக்கு மட்டும் வெள்ளை மார்பிள் வேண்டும் என்றாள். தேனியில் சொந்தக்காரர் வீட்டில் பார்த்திருக்கிறாள். போட்டோம். அன்றிலிருந்து அந்தப் படியை யாரும் மிதித்ததில்லை. கேஸ் கொண்டுவருகிறவர்கூட சிலிண்டரோடு தாண்டுவார்.

எங்களுக்கு ஒரே மகன். ஜீப் ஓட்டுகிறான். விடிவதற்கு முன்னால் ஆட்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலைப்பாதையில் ஏலத்தோட்டங்களுக்குப் போவான், சாயங்காலம் திரும்புவான். போன மழைக்காலத்தில் மூடுபனியில் ஒரு வளைவில் ஜீப்பின் முன்சக்கரம் ரோட்டைவிட்டு வெளியே போய் நின்றது. ஆட்கள் ஒவ்வொருவராகப் பின்பக்கம் இறங்கினார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் எங்களிடம் சொன்னான்.

அன்றிலிருந்து என் மனைவிக்குத் தூக்கம் இல்லை. அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஓர் எலுமிச்சம்பழத்தை இரண்டாக வெட்டி, குங்குமம் தடவி, வாசல்படியின் இரண்டு ஓரத்திலும் கவிழ்த்து வைத்தாள். அன்று தூங்கினாள். பிறகு எல்லா வெள்ளிக்கிழமையும் வைத்தாள். மறுநாள் எடுத்து முச்சந்தியில் போட்டுவிடுவாள்.

சில மாதம் கழித்துப் படியின் இரண்டு ஓரத்திலும் ரோஸ் நிறத்தில் வட்டங்கள் தெரிந்தன. கழுவினாலும் போகவில்லை. வட்டத்துக்குள் பளபளப்பே இல்லை. தடவினால் சாக்பீஸைத் தடவுவதுபோல இருந்தது. அவள் முதலில் சந்தேகப்பட்டது என்னை. என் மோட்டார் கடையிலிருந்து பேட்டரி ஆசிட்டை உடுப்பில் கொண்டுவந்துவிட்டேனாம். நான் பேட்டரி வேலை பார்ப்பதில்லை என்றேன். பக்கத்துக் கடையில் பார்க்கிறார்கள் அல்லவா என்றாள்.

பிறகு அவளே வைத்தியம் பார்த்தாள். புளியைக் கரைத்து, குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல வட்டங்களைத் தேய்த்தாள். பித்தளையாக இருந்தால் மின்னியிருக்கும். இரண்டு வட்டமும் பெரிதாயின. புளி ஊறவில்லை போலிருக்கிறது என்று அடுத்த தடவை பூசிவிட்டு மத்தியானம் வரைக்கும் ஊறவிட்டாள்.

நான் தேனிக்குப் போய் ஒரு மார்பிள் கடையில் ஓரமாக நின்றேன். கூட்டத்துக்குள் புகுந்து கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. வந்தவர்கள் எல்லோரும் போனபிறகு கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். புளிப்பு ஏதாவது பட்டதா என்றார். எலுமிச்சை, புளி, தயிர், திராட்சை எதுவும் மார்பிளுக்கு ஆகாதாம். ரோஸ் நிறம் குங்குமக் கறை, அதை எடுத்துவிடலாம். மங்கலாக இருப்பது கறையே இல்லை.

“அது கல்லத் தின்னுருச்சுண்ணே,” என்றார். “தேய்ச்சுத்தான் மட்டத்துக்குக் கொண்டாரணும்.”

தேய்ப்பதற்கு வாட்டர் பேப்பரும், மெருகேற்றப் பவுடரும், கடைசியில் பூச சீலர் என்று ஒரு பாட்டிலும் கொடுத்தார். சீலர் பூசினால் எலுமிச்சை ஒன்றும் செய்யாதா என்று கேட்டேன். கறை உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்ளும், புளிப்பைத் தடுக்காது என்றார். அப்படியென்றால் புளிப்பை எது தடுக்கும் என்றேன். நீங்கள்தான் என்றார்.

பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவளுக்கு அந்தப் படியும் வேண்டும், அந்தப் பழமும் வேண்டும். சொன்னால் பழத்தை நிறுத்துவாள், தூக்கம் போய்விடும். சொல்லாவிட்டால் படி போய்விடும். வேலையை முதலில் முடிப்போம், பேச்சைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். எனக்குப் பெரும்பாலான முடிவுகள் இப்படித்தான் வரும்.

கடைக்காரர் சொன்னபடி ஆப்பசோடாவில், மருந்துக்கடையில் புண் கழுவ விற்கிற பெராக்சைடை விட்டு இட்லி மாவு பதத்துக்குக் குழைத்து, வட்டங்களின்மேல் அப்பினேன். பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரத்தில் டேப் ஒட்டினேன். மறுநாள் காய்ந்திருந்ததைச் சுரண்டி எடுத்தபோது ரோஸ் பாதி போயிருந்தது. இன்னொரு தடவை அப்பினேன். மீதியும் போனது. அடுத்து வாட்டர் பேப்பர். தண்ணீர் தெளித்து, சொரசொரப்பான தாளில் தொடங்கி வழுவழுப்பான தாளில் முடிக்க வேண்டும். ஒரு தாள் முடிந்ததும் நன்றாகக் கழுவிவிட்டுத்தான் அடுத்ததை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய தாளின் மணல் புதிய கீறலைப் போட்டுவிடும். கடைசியில் பவுடரை ஈரமாகத் தடவி, என் கடையிலிருந்து கொண்டுவந்த டிரில்லில் கம்பளி வட்டு மாட்டி மெதுவாக ஓட்டினேன். ஹாலில் எரிகிற டியூப்லைட் கல்லில் தெரிந்தால் வேலை முடிந்தது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். தெரிந்தது. கொஞ்சம் வளைந்து தெரிந்தது. நன்றாகக் காயவிட்டு சீலரைப் பூசித் துடைத்தேன். அது வியாழக்கிழமை சாயங்காலம்.

என் மனைவி குனிந்து பார்த்தாள். உள்ளங்கையால் தடவினாள். நாளைக்கு வெள்ளிக்கிழமை, பழம் வாங்கிவரச் சொன்னாள்.

போய் வாங்கிவந்தேன். அவள் இன்னும் படியோரம் உட்கார்ந்திருந்தாள். மகன் ஹாலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பழத்தை அவள் கையில் கொடுக்காமல் வைத்துக்கொண்டு சொன்னேன்.

“இந்தா, அந்த வட்டம் பழத்தாலதான் வந்துச்சு.”

“யாரு சொன்னா?”

“தேனியில கடைக்காரக சொன்னாக. புளியும் ஆகாதாம்.”

“புளியுமா?” என்றாள். எலுமிச்சையைவிடப் புளிதான் அவளுக்கு வருத்தம் தந்ததுபோல இருந்தது.

மகன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “விட்டுருத்தா. நான் மெதுவாத்தான ஓட்டுறேன்,” என்றான்.

“ஏலே, நீ சோத்தத் தின்னு. அன்னைக்கும் மெதுவாத்தான் ஓட்டுனேன்ன.”

பிறகு என்னைப் பார்த்து, “கல்லு போனா வேற கல்லு போட்டுக்கிறலாம்,” என்றாள். சொல்லும்போது அவள் கை படியின்மேல்தான் இருந்தது.

பழத்துக்கு அடியில் ஒரு எவர்சில்வர் தட்டு வைக்கலாமே என்றேன்.

“தட்டுல வச்சா தட்டுக்குத்தேன் காவலு. வாசலுக்கு யாரு காவலு?”

இதை யோசித்துப் பார்த்தேன். தவறு எதுவும் தெரியவில்லை.

அப்போதுதான் துவைக்கிற கல்லுக்கு அந்தப்பக்கம் கிடந்த துண்டுகள் ஞாபகம் வந்தன. படிக்கு அளவெடுத்து வெட்டியபோது மிஞ்சியவை. ஒன்றின்மேல் வாளி இருந்தது. இரண்டையும் எடுத்துக் கழுவி, படியின் இரண்டு முனையிலும் ஒட்டினாற்போல வைத்தேன்.

“இதும் அதே கல்லுதான். ஒரே பலகையில வெட்டுனது.”

படியைப் பார்த்தாள், துண்டுகளைப் பார்த்தாள்.

“இதுல வட்டம் விழுகுமா?”

“விழுகும்.”

“விழுகட்டும்,” என்றாள். துண்டுகளைப் படியோடு இன்னும் நெருக்கி வைத்து, “வாசப்படி இம்புட்டு நீளம்னு வச்சுக்கிற வேண்டியதுதேன்,” என்றாள். என் கையிலிருந்து பழத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிவதற்கு முன்னால் பழத்தை வெட்டி, குங்குமம் தடவி, இரண்டு துண்டுக் கல்லிலும் வைத்தாள். மகன் வழக்கம்போலப் படியைத் தாண்டினான். இருட்டில், ஓரத்தில் புதிதாக இருந்த துண்டில் கால் பெருவிரலை இடித்துக்கொண்டான். நகத்தோரம் லேசாகக் கிழிந்தது. கண்ணேறு அதோடு கழிந்தது என்று என் மனைவி சொன்னாள். அவன் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ஜீப்பை எடுத்துக்கொண்டு போனான். சாயங்காலம் வந்தான். இன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று சாப்பிடுவதற்கு முன்னாலேயே சொன்னான்.